மாற்றியது பல பாகம்; பழுதானது வேறொன்று!

காலை மணி 6.45. கிள்ளானிலிருந்து ஷா ஆலம் நோக்கிச் செல்லும் கூட்டரசு நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருக்கின்றன. ஒரு பழைய காரின் பின்னிருக்கையில் 68 வயதுத் தாயார் கைப்பையை மடியில் வைத்தபடி அமர்ந்திருக்கிறார். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் அவருக்கு டயாலிசிஸ் சிகிச்சை. ஏழு மணிக்கு மையத்தில் இருந்தாக வேண்டும். காரை ஓட்டும் மகன் ஒரு தொழிற்சாலை ஊழியர். அவருடைய கண் சாலையில் இல்லை. வெப்பமானியின் முள்ளில் இருக்கிறது. முள் மெல்ல மெல்ல ஏறிச் சிவப்புக் கோட்டைத் தொடுகிறது. இரண்டு மாதங்களில் இது நான்காவது முறை!

முதல் முறை கார் சூடானபோது வீட்டுக்கு அருகிலிருந்த பட்டறையில் தெர்மோஸ்டாட்டையும் ரேடியேட்டர் குழாய்களையும் மாற்றினார்கள். 220 வெள்ளி. இரண்டு வாரம் கழித்து மீண்டும் அதே கதை. "வாட்டர் பம்ப் போயிருக்கும் மச்சான், அதை மாத்தச் சொல்லுங்க" என்றார் மைத்துனர். வேறொரு பட்டறையில் அதையும் மாற்றினார். 380 வெள்ளி. மூன்றாம் முறை, "அண்ணே, ரேடியேட்டரே அடைச்சுப் போச்சு, புதுசு போட்டுடுங்க" என்றார் அங்கிருந்த போமன். 450 வெள்ளி. ஆக மொத்தம் 1,050 வெள்ளி கொடுத்தும் முள் மட்டும் இறங்கவில்லை.

அன்று காலை தாயாருக்கு நேரமாகிவிட்டதே என்ற பதற்றத்தில், முள் சிவப்பில் நின்றபோதும் அவர் பத்து நிமிடம் ஓட்டிவிட்டார். தாயாரை மையத்தில் சேர்த்துவிட்டார். ஆனால் கார் அங்கிருந்து இழுவை லாரியில்தான் திரும்பியது. என்ஜினின் ஹெட் கேஸ்கட் எரிந்துவிட்டது.

இப்படிப்பட்ட அனுபவம் நம்மில் பலருக்கும் உண்டு. கார் நின்றுபோவதால் வரும் எரிச்சலைவிட, பணம் கொடுத்தும் பழுது தீராததால் வரும் எரிச்சல்தான் பெரிது. ஏமாற்றிவிட்டார்களா? வேலை தெரியாதவர்களா? அல்லது நாமே தவறு செய்தோமா? இதற்கு விடை காண, அந்தக் காருக்கு உண்மையில் என்ன நேர்ந்தது என்று பார்ப்பது பயன்தரும்.

எப்போது சூடாகிறது?

நான்காவது பட்டறை ஒரு சந்துக்குள் இருந்தது. அங்கிருந்த வயதான போமன் உடனே பானெட்டைத் திறக்கவில்லை. முதலில் ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, எப்ப சூடாகுது? ஓடும்போதா, நிக்கும்போதா?"

மகன் யோசித்துப் பார்த்தார். நான்கு முறையும் நெரிசலில்தான் சூடேறியது. ஞாயிற்றுக்கிழமை காலியான சாலையில் ஓடியபோது ஒருமுறைகூட ஏறவில்லை. மற்ற பட்டறைகளில் இதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

காரின் குளிரூட்டும் முறை அப்படியொன்றும் மாயமல்ல. என்ஜினைச் சுற்றி ஓடும் நீர் அதன் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. அந்த நீரைச் சுற்றவிடுவது வாட்டர் பம்ப். தெர்மோஸ்டாட் ஒரு கதவு போன்றது. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது மூடியிருக்கும், சூடானதும் திறந்து நீரை ரேடியேட்டருக்கு அனுப்பும். ரேடியேட்டரில் காற்றுப் பட்டு நீர் குளிர்கிறது. கார் வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே அந்த வேலையைச் செய்துவிடும். நெரிசலில் நிற்கும்போது எதிர்க்காற்று இல்லை. அப்போது ரேடியேட்டருக்குப் பின்னால் சுழலும் மின்விசிறி ஒன்றுதான் துணை.

எனவே நெரிசலில் மட்டும் சூடாகி, வேகமாக ஓடும்போது சரியாகிவிடும் காரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது விசிறியை, அதன் மோட்டாரை, அதற்கு மின்சாரம் தரும் ஃபியூஸையும் ரிலேயையும். வேகமாக ஓடும்போதும் சூடானால் நீர் குறைவு, ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வெளியே கசிவே தெரியாமல் நீர் மட்டும் குறைந்துகொண்டே போனால், அல்லது என்ஜின் எண்ணெய் பால் கலந்த காப்பி போல் நிறம் மாறினால், ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம்.

கேஸ்கட்டைச் சரிசெய்த பிறகு, ஏர்கோனைப் போட்டு என்ஜினை நிற்கவைத்தபடியே ஓடவிட்டார் அந்தப் போமன். விசிறி அசையவே இல்லை! மோட்டார் தேய்ந்துபோயிருந்தது. மாற்ற ஆன செலவு 160 வெள்ளி. முதல் நாளே இதைக் கண்டுபிடித்திருந்தால் கதை அத்துடன் முடிந்திருக்கும். இப்போதோ கேஸ்கட்டை மாற்றவும் சூட்டில் வளைந்த என்ஜின் தலையைச் சீவிச் சமப்படுத்தவும் 1,300 வெள்ளி. எல்லாம் சேர்த்து 2,510 வெள்ளி. 160 வெள்ளிப் பழுதுக்கு!

பார்ப்பதற்கும் காசா?

அந்த மூன்று பழுதுபார்ப்புகளிலும் போட்டவை நல்ல பாகங்களாகவே இருக்கலாம். ஆனால் பழுது எங்கே என்று தேடாமல், ஊகத்தின் பேரில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார்கள். ஏன் அப்படி நடக்கிறது?

இதில் பட்டறைகளை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. பழுதைத் தேடிக் கண்டுபிடிக்க நேரம் வேண்டும்; அனுபவம் வேண்டும். ஆனால் "செக் பண்ண 50 வெள்ளி" என்று ஒரு போமன் சொன்னால், "பார்ப்பதற்கே காசா?" என்று அடுத்த பட்டறைக்குப் போய்விடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! தேடும் வேலைக்குக் கூலி கிடைக்காதபோது, பாகத்தை மாற்றினால்தான் பட்டறைக்கு வருமானம். தேடுவதற்கு 50 வெள்ளி கொடுக்க மனமில்லாத நாம், தேவையில்லாத பாகங்களுக்கு ஆயிரம் வெள்ளி கொடுக்கிறோம். நான்காவது பட்டறைக்காரர் 50 வெள்ளி கேட்டபோது இந்த மகனும் முதலில் முகம் சுளித்தவர்தான். கடைசியில் வேலையை அங்கேயே செய்ததால் அந்தத் தொகையைப் பில்லில் கழித்துக்கொண்டார்கள்.

இன்னொரு தவறும் நம் பக்கம் உண்டு. மருத்துவரிடம் போய் "வயிறு வலிக்கிறது" என்று சொல்வோமே தவிர, "குடலை வெட்டுங்கள்" என்று சொல்வதில்லை. பட்டறையில் மட்டும் "வாட்டர் பம்பை மாற்றுங்கள்" என்கிறோம். கேட்டதை அவர் மாற்றித் தருகிறார். பழுது தீரவில்லை என்று திரும்பிப் போனால், "நீங்கதானே மாத்தச் சொன்னீங்க?" என்று அவர் கேட்டால் பதில் இல்லை. எனவே பாகத்தின் பெயரைச் சொல்லாதீர்கள், நடந்ததைச் சொல்லுங்கள். எப்போது, எந்த வேகத்தில், எத்தனை நிமிடம் கழித்து, என்ன சத்தம், என்ன வாடை, எந்த விளக்கு எரிந்தது என்பவையே போமனுக்குத் தேவையான தகவல்கள்.

புதிய கார்களில் கணினியைப் பொருத்தி ஸ்கேன் செய்கிறார்கள். "கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது" என்று அதையும் முழுதாக நம்பிவிட முடியாது. அது காட்டுவது கோளாறு எங்கே உணரப்பட்டது என்பதைத்தான். ஆக்சிஜன் சென்சார் என்று குறியீடு வந்தால், சென்சார் கெட்டிருக்கலாம். எங்கோ ஒரு குழாய் கிழிந்து காற்றுப் புகுந்திருக்கவும் கூடும். குறியீட்டைப் பார்த்தபின் சோதித்துப் பார்ப்பவரே நல்ல போமன்.

சாலையில் நின்றுவிட்டால்...

முள் சிவப்பை நெருங்கினால் ஏர்கோனை அடைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி என்ஜினை அணைத்துவிட வேண்டும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு ஒருபோதும் திறக்கக் கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். என்ஜின் நன்றாக ஆறிய பிறகே திறக்கலாம்.

நெடுஞ்சாலையில் என்றால் அவசரத் தடத்தில் இயன்றவரை இடப்பக்கம் ஒதுங்கி, அபாய விளக்கைப் போட்டு, எல்லாரும் இறங்கித் தடுப்புக்கு அப்பால் நிற்பது நல்லது. காருக்குள் உட்கார்ந்திருப்பது பாதுகாப்பு அல்ல. பிளஸ் நெடுஞ்சாலையில் 1-800-88-0000 என்ற எண்ணை அழைத்தால் ரோந்துக் குழு வரும். பல காப்புறுதித் திட்டங்களில் குறிப்பிட்ட தூரம் வரை இலவச இழுவைச் சேவையும் அடங்கியிருக்கும். அந்த எண்ணைக் கைப்பேசியில் இன்றே பதிந்துவைத்துக்கொள்ளலாம். அழைக்காமலேயே வந்து நிற்கும் இழுவை லாரியிடம் எச்சரிக்கை தேவை. எங்கே கொண்டுபோகிறார், எவ்வளவு கட்டணம் என்று கேட்டு முடிவு செய்யும் முன் கொக்கியை மாட்ட விடாதீர்கள். வெற்றுத்தாளில் கையெழுத்தும் போடாதீர்கள்.

சட்டம் உங்கள் பக்கம், ஆதாரம் எங்கே?

1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவை வழங்குபவர் அதை நியாயமான கவனத்துடனும் திறனுடனும் செய்ய வேண்டும். விலையோ காலமோ முன்கூட்டியே பேசப்படாவிட்டாலும், நியாயமான விலையில், நியாயமான காலத்தில் முடிக்க வேண்டும். பழுதுபார்ப்பு பற்றிய தகவலை வாடிக்கையாளரிடம் வெளிப்படையாகச் சொல்லும்படி பட்டறைகளுக்கென்றே 2002இல் தனி விதிமுறைகளும் வந்தன.

மீறினால் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தை நாடலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளிதான். 2019இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி 50,000 வெள்ளி வரை கோரலாம். பொதுவாக வழக்கறிஞர் இல்லாமல் இரு தரப்பும் நேரில் பேசுவதே அங்கு நடைமுறை. சம்பவம் நடந்த மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். தீர்ப்பாயம் சொந்த, குடும்பப் பயன்பாட்டிற்கான பொருள், சேவை பற்றிய வழக்குகளுக்கு உரியது. வியாபாரத்திற்கு ஓடும் லாரிக்கு இந்த வழி பொருந்தாது.

கிள்ளானைச் சேர்ந்த அந்த மகனும் இதைக் கேள்விப்பட்டு, செலவழித்த பணத்தைத் திரும்பக் கேட்கலாமா என்று யோசித்தார். ஆனால் கையில் என்ன இருந்தது? முதல் பட்டறையின் துண்டுச்சீட்டில் 220 என்ற எண் மட்டும். இரண்டாவது பட்டறையில் சீட்டே இல்லை. கழற்றிய பழைய பாகங்கள் குப்பைக்குப் போய்விட்டன. எந்தப் பழுதுக்காக எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்று சொல்ல ஒரு வரிகூட எழுத்தில் இல்லை. பணம் போனது போனதுதான்.

அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது இவற்றை மறவாதீர்கள்:

வேலை தொடங்கும் முன் பழுதுக்கான காரணத்தையும் மதிப்பிட்ட செலவையும் எழுத்தில் கேளுங்கள். கைப்பேசிக் குறுஞ்செய்தியாக இருந்தாலும் போதும்.

உங்களைக் கேட்காமல் கூடுதல் வேலை செய்ய வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

போடப்போகும் பாகம் ஒரிஜினலா, வேறு நிறுவனத் தயாரிப்பா, பொத்தோங் கடையில் வாங்கிய பழைய பாகமா என்று கேளுங்கள். பழைய பாகம் போடுவது தவறல்ல. சொல்லாமல் போடுவதுதான் தவறு.

கழற்றிய பாகத்தைத் திரும்பக் கேளுங்கள். கேட்பார்கள் என்று தெரிந்தாலே வேலையில் ஒழுங்கு வரும்.

ரசீதில் தேதி, கார் ஓடிய கிலோமீட்டர், பாகத்தின் விலை, கூலி, உத்தரவாதக் காலம் ஆகியவை தனித்தனியாக இருக்கட்டும்.

பழுது தீராவிட்டால் அடுத்த பட்டறைக்கு ஓடாதீர்கள். முதலில் அதே பட்டறைக்குத் திரும்பிப் போய்ச் சரிசெய்ய வாய்ப்புக் கொடுங்கள். மூன்று பேர் கைவைத்த காரில் யார் மீது குற்றம் என்று எந்தத் தீர்ப்பாயத்தாலும் எளிதில் சொல்ல முடியாது.

நல்ல போமன் கிடைப்பது நல்ல குடும்ப மருத்துவர் கிடைப்பது போல. கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்; அவருடைய நேரத்திற்கு உரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

அந்தப் பழைய கார் இன்றும் ஓடுகிறது. அதன் முன்பெட்டியில் இப்போது ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் இருக்கிறது. என்ன பழுது, எந்த நாள், எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு செலவு என்று எல்லாம் அதில் எழுதப்பட்டுள்ளன. ரசீதுகள் கடைசிப் பக்கத்தில் ஒட்டப்பட்டுள்ளன. டயாலிசிஸ் நாட்களில் தாயார் பின்னிருக்கையில் அமர்ந்ததும் மகனிடம் முதலில் கேட்பது, "முள்ளு எங்கப்பா நிக்குது?" என்றுதான். அது பாதியில் நிற்கிறது என்று கேட்ட பிறகே அவர் கண்ணை மூடிச் சாய்ந்துகொள்கிறார்.