எதிர்க்கடைக்காரர் கற்ற பாடம்

மெல்லிய மக்காச்சோள ரொட்டியை மடித்துப் பொரித்து, கொத்துக்கறி நிரப்பினால் அதுவே 'டாக்கோ'. கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோ நகரில் லூசியா ரோட்ரிக்ஸ் என்னும் பெண்மணி 1937இல் தொடங்கிய 'மிட்லா கஃபே' இதற்குப் பெயர் பெற்றது. எதிர்ப்புறம் கடை நடத்திய கிளென் பெல் இங்கே உண்டு மகிழ்ந்து, செய்முறையையும் கற்றார். 1962இல் 'டாக்கோ பெல்' தொடங்கிப் பெருஞ்செல்வரானார்.

மற்ற வாடிக்கையாளர்களோ இதனைத் தம் வீடாகவே கருதினர். மெக்சிக வமிசத்தவருக்கு நகர நீச்சல்குளம் மறுக்கப்பட்டபோது, உரிமைக்காக ஊரார் கூடிப் பேசியது இங்கேதான். 1944இல் நீதிமன்றத் தீர்ப்பும் அவர்களுக்கே சாதகமாயிற்று.

இன்றும் அதே குடும்பத்தார், அதே தெருவில் பரிமாறுகின்றனர். தலைமுறைகள் தாண்டியும் மக்கள் வருகின்றனர். கைப்பக்குவத்தைக் கற்றுச் செல்லலாம். ஊராரின் அன்பை எடுத்துச் செல்ல இயலுமா? சிந்திப்போம்!