பழைய சொகுசு கார்: பழுதின் காரணத்தை அறியாமல் பாகத்தை மாற்றினால் செலவு இரட்டிப்பு - விரிவான விளக்கம்

புதுதில்லி: தில்லி கரோல் பாக் போன்ற பழைய கார் சந்தைகளில், பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடிய ஜெர்மன் சொகுசு கார் ஒன்று புதிய சிறிய காரின் விலைக்கோ அதற்கும் குறைவாகவோ கிடைக்கிறது. ஆனால் காரின் விலை சரிந்த அளவுக்கு அதன் உதிரி பாகங்களின் விலை சரிவதில்லை. ஒரே ஒரு பழுதைத் தவறாகக் கணித்தாலும், வாங்கிய தொகையில் கணிசமான பகுதி பட்டறையில் கரைந்துவிடும்.

இத்தகைய கார்களில் அடிக்கடி தோன்றும் பழுதுகள் யாவை, அவற்றின் உண்மைக் காரணத்தைக் கண்டறிவது எப்படி என்பதைக் காண்போம்.

எந்தக் கார்கள்?

மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் 1995-இல் புணே அருகே இ-கிளாஸ் கார்களைப் பூட்டி விற்கத் தொடங்கியது. 2007-இல் பிஎம்டபிள்யூ சென்னை அருகேயும், ஆடி ஔரங்காபாதிலும் இப்பணியைத் தொடங்கின. இன்று பழைய கார் சந்தைக்கு வருபவற்றில் டபிள்யூ 211 எனப்படும் இ-கிளாஸ் (2002-2009), இ60 எனப்படும் பிஎம்டபிள்யூ 5 சீரிஸ் (2003-2010) ஆகியவை முக்கியமானவை.

இவற்றில் எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக், சஸ்பென்ஷன், கதவு, இருக்கை என ஒவ்வொன்றுக்கும் தனி மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி உண்டு. அவை ஒன்றோடொன்று தகவல் பரிமாறிக்கொள்வதால், ஓரிடத்தில் ஏற்பட்ட கோளாறு வேறோர் இடத்தில் எச்சரிக்கை விளக்காக எரியக்கூடும். பழுதைக் கணிப்பதில் தவறு நேர முதன்மைக் காரணம் இதுவே.

முதலில் பேட்டரி

ஏபிஎஸ், ஏர்பேக், கியர்பாக்ஸ் என ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத விளக்குகள் ஒரே நேரத்தில் எரிந்தால், முதலில் சோதிக்க வேண்டியது பேட்டரியை. எஞ்சின் அணைந்து சில மணி நேரம் கழித்து, நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். மின்னழுத்தம் குறைந்தால் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் பொய்யான பிழைகளைப் பதிவு செய்யும். எனவே பேட்டரியை முழுமையாக ஏற்றி, பிழைகளை அழித்து, சில கிலோமீட்டர் ஓட்டிய பிறகு மீண்டும் வருபவற்றை மட்டுமே பொருட்படுத்த வேண்டும்.

புதிய பேட்டரியும் இரவோடு இரவாக இறங்கிவிட்டால், மின்கசிவைத் தேட வேண்டும். காரைப் பூட்டியபின் எல்லாப் பெட்டிகளும் உறக்க நிலைக்குச் செல்ல அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். அதன்பின் அளவிடும்போது மின்னோட்டம் 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் இயல்பு. மிகுந்திருந்தால், ஒவ்வொரு ஃபியூஸின் இரு முனைகளுக்கும் இடையிலான மின்னழுத்த வேறுபாட்டை அளந்து, விழித்திருக்கும் மின்சுற்றைக் கண்டுபிடிக்கலாம்.

பிஎம்டபிள்யூ இ60-இல் பேட்டரியை மாற்றினால், அதை ஸ்கேனர் வழியாகக் காரின் கணினியில் பதிவு செய்வதும் அவசியம். இல்லையெனில் பழைய பேட்டரிக்கு ஏற்ற முறையிலேயே கார் மின்னேற்றம் செய்துகொண்டிருக்கும்.

மழைக்காலத்துக்குப் பின் தோன்றும் மின்கோளாறுகளுக்குப் பெரும்பாலும் நீரே காரணம். சன்ரூஃப், முன்கண்ணாடியின் அடிப்பகுதி ஆகியவற்றில் உள்ள வடிகால் குழாய்கள் இலை, தூசியால் அடைபட்டால் நீர் உள்ளே இறங்கி, தரைவிரிப்பின் அடியில் தேங்கி, கம்பி இணைப்புகளை அரிக்கும். வடிகாலில் சிறிது நீர் ஊற்றி, அது காருக்கு அடியில் வெளியேறுகிறதா எனப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும்.

ஸ்கேனர் சொல்வது என்ன?

ஸ்கேனர் காட்டும் பிழை எண், எந்த மின்சுற்றில் அல்லது எந்த அளவீட்டில் முரண்பாடு உள்ளது என்பதை மட்டுமே கூறும். எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்பதை அது கூறாது. எடுத்துக்காட்டாக, பி0171 என்ற எண் எஞ்சினுக்குச் செல்லும் கலவையில் காற்று மிகுந்துள்ளதைக் குறிக்கிறது. இதைக் கண்டவுடன் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றுவோர் பலர். ஆனால், வெடித்த ரப்பர் குழாய் வழியே காற்று நுழைவதுகூட காரணமாக இருக்கலாம். காற்றுப் பாதைக்குள் புகையைச் செலுத்தி, அது எங்கே வெளியேறுகிறது எனப் பார்க்கும் சோதனை, சென்சாருக்கான செலவைத் தவிர்க்கும்.

மேலும், மலிவான பொது ஸ்கேனர்கள் பெரும்பாலும் எஞ்சின் தகவலை மட்டுமே வாசிக்கும். ஏர் சஸ்பென்ஷன், பிரேக் போன்றவற்றுக்கு மெர்சிடிஸின் ஸ்டார் டயக்னோசிஸ், பிஎம்டபிள்யூவின் இஸ்டா போன்ற நிறுவனத்துக்கே உரிய மென்பொருளோ அதற்கு இணையான கருவியோ தேவை.

கூலன்ட் குறைகிறதா?

வெப்பத்தில் பல ஆண்டுகள் உழைத்த பிளாஸ்டிக் நீர்த்தொட்டியும் குழாய் இணைப்புகளும் நொறுங்கும் தன்மையை அடைகின்றன. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, தொட்டி மூடியில் குறிப்பிடப்பட்ட அளவுக்குக் காற்றழுத்தம் கொடுத்து, அது இறங்குகிறதா எனப் பார்க்க வேண்டும். கசிவு உள்ள இடத்தில் கூலன்ட் காய்ந்த படிவு தென்படும். வெளியே கசிவே இல்லாமல் கூலன்ட் குறைந்தால், சிலிண்டர் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். கூலன்டில் எஞ்சினின் எரிப்பு வாயு கலந்துள்ளதா என்பதை நிறம் மாறும் வேதித் திரவம் காட்டிக்கொடுக்கும்.

பிஎம்டபிள்யூவின் என்52 ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினில் வாட்டர் பம்ப் மின்சாரத்தால் இயங்குகிறது. கசிவோ சத்தமோ இன்றித் திடீரென நின்றுவிடுவது அதன் இயல்பு. அதை மாற்றும்போது அருகிலுள்ள தெர்மோஸ்டாட்டையும் சேர்த்து மாற்றினால், அதே வேலைக்கு இரண்டாம் முறை கூலி கொடுக்க நேராது.

வெப்ப எச்சரிக்கை வந்தால் உடனே வண்டியை நிறுத்த வேண்டும். ஓரிரு கிலோமீட்டர் ஓட்டினாலே அலுமினிய ஹெட் வளைந்துவிடக்கூடும். எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிநீர் பீறிட்டுக் காயம் ஏற்படும்.

சாய்ந்து நிற்கும் கார்

தவறான கணிப்பால் பணம் வீணாவதற்கு ஏர் சஸ்பென்ஷன் தெளிவான எடுத்துக்காட்டு. இதில் இரும்புச் சுருளுக்குப் பதிலாக, காற்று நிரம்பிய ரப்பர் பைகள் காரைத் தாங்குகின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல ரப்பரில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றிக் காற்று மெல்லக் கசியும். அதை ஈடுசெய்யக் கம்ப்ரஸர் அடிக்கடி ஓடும். ஓய்வின்றி ஓடிய கம்ப்ரஸர் ஒருநாள் கருகிப்போகும். அன்றுதான் எச்சரிக்கை விளக்கு எரியும்.

பட்டறையில் கம்ப்ரஸர் செயலிழந்திருப்பதைக் கண்டு புதியதைப் பொருத்துவார்கள்; கார் உயரும். ஆனால் கசிவு அப்படியே இருப்பதால், புதிய கம்ப்ரஸரும் அதே வழியில் கருகும்.

இதைத் தவிர்க்க எளிய சோதனை போதும். சமதளத்தில் காரை நிறுத்தி, நான்கு சக்கரங்களுக்கு மேலும் உடலின் விளிம்பு எவ்வளவு உயரத்தில் உள்ளது என அளந்து குறித்துக்கொண்டு, மறுநாள் காலை எஞ்சினை இயக்கும் முன் மீண்டும் அளக்க வேண்டும். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அந்தப் பையிலோ அதன் குழாயிலோ கசிவு உள்ளது. பல மூலைகள் சேர்ந்து இறங்கினால் வால்வுப் பெட்டியையும் சோதிக்க வேண்டும். சந்தேகத்துக்குரிய இடத்தில் சோப்பு நீர் தெளித்தால் குமிழி எழும். கம்ப்ரஸரை மாற்றும்போது அதன் ரிலேயையும் மாற்றுவது நல்லது. பழைய ரிலே ஒட்டிக்கொண்டால் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும்.

தாழ்ந்து நிற்கும் காரை ஜாக்கியை மட்டும் நம்பித் தூக்கி அடியில் நுழைவது உயிருக்கே ஆபத்து. ஸ்டாண்டு வைத்துத் தாங்கிய பின்னரே வேலை செய்ய வேண்டும்.

‘ஆயுள் முழுவதற்கும்’ கியர் ஆயில்?

இசட்எஃப் நிறுவனத்தின் ஆறு கியர் தானியங்கி கியர்பாக்ஸில் ஆயில் மாற்றவே தேவையில்லை என்பது கார் விற்பனையின்போது கூறப்பட்டது. ஆனால் கியர்பாக்ஸைத் தயாரித்த இசட்எஃப் நிறுவனமோ, 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப் பரிந்துரைக்கிறது. கியர் மாறும்போது குலுங்கினால், முழு கியர்பாக்ஸையும் பிரிக்கச் சம்மதிக்கும் முன் ஆயிலின் அளவு, தரம், மின் இணைப்பு நுழையும் இடத்தில் உள்ள சீலின் கசிவு ஆகியவற்றைச் சோதிக்கச் சொல்ல வேண்டும். ஆயில் அளவை, எஞ்சின் ஓடும்போது, குறிப்பிட்ட வெப்பநிலையில் மட்டுமே சரியாகக் காண முடியும்.

அலட்சியம் கூடாத இரண்டு

2006 வரை தயாரான டபிள்யூ 211 கார்களில் எஸ்பிசி எனும் மின்னணு பிரேக் முறை இருந்தது. இதற்காக 2004, 2005 ஆண்டுகளில் உலக அளவில் பெருமளவில் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. இதை ஸ்கேனர் மூலம் செயலிழக்கச் செய்யாமல் பிரேக் பேடுகளைக் கழற்றினால், பம்ப் தானாக இயங்கி விரல்களை நசுக்கிவிடும். வீட்டு வாசலில் செய்யக்கூடிய வேலை அன்று இது.

பிஎம்டபிள்யூவின் என்47 டீசல் எஞ்சினில் டைமிங் செயின் பின்புறம், கியர்பாக்ஸ் பக்கம் அமைந்துள்ளது. எஞ்சினின் பின்பகுதியிலிருந்து உரசும் சத்தம் வந்தால் ஓட்டுவதை நிறுத்திச் சோதிக்க வேண்டும். செயின் அறுந்தால் எஞ்சினே வீணாகும்.

வாங்கும் முன்

எஞ்சின் முற்றிலும் குளிர்ந்த நிலையில் காரைப் பார்க்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் பல அறிகுறிகள் மறைந்துவிடும். உரிய ஸ்கேனரில் எல்லாப் பெட்டிகளையும் வாசித்த பின்னரே முன்பணம் கொடுப்பது நல்லது. பிழைகள் ஒன்றுகூட இல்லாமல் அன்றுதான் அழிக்கப்பட்டிருந்தால், அதுவும் ஓர் எச்சரிக்கையே.

தில்லி மற்றும் அதைச் சுற்றிய தேசியத் தலைநகர் வலயத்தில் 10 ஆண்டு கடந்த டீசல், 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வாகனங்களுக்கான தடையை உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் அவற்றின் உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை கூடாது என உத்தரவிட்ட நீதிமன்றம், டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பிஎஸ்-4 மற்றும் அதற்கு மேற்பட்ட வாகனங்களுக்கு மட்டும் எனச் சுருக்கியது. ஆகவே பதிவுச் சான்றிதழில் எரிபொருள், பதிவு ஆண்டு, மாசு உமிழ்வு நிலை ஆகியவற்றைப் பார்ப்பதும், பிற மாநிலத்துக்குக் கொண்டு செல்வதாயின் தடையில்லாச் சான்று கிடைக்குமா என உறுதி செய்வதும் அவசியம்.

பட்டறையில் ஒரு பாகத்தை மாற்ற வேண்டும் என்று கூறப்பட்டால், அது பழுதானதை எந்தச் சோதனை காட்டியது, அது பழுதாகக் காரணம் என்ன என்ற இரு கேள்விகளை உரிமையாளர் கேட்க வேண்டும். இவற்றுக்குத் தெளிவான விடை கிடைக்கும் வரை, பாகத்துக்கு ஆர்டர் கொடுக்காமல் இருப்பதே சிக்கனமான வழி.