காப்பகத்துப் பூனை: வீட்டுக்கு வந்தபின் அது அமானிதம்

அச்சரப்பாக்கத்தில் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது இப்போதெல்லாம் அடிக்கடி காதில் விழும் கேள்வி: "ஹஜ்ரத், பிள்ளைங்க பூனை வேணும்னு அடம் பிடிக்குதுங்க. வீட்டுல வளர்க்கலாமா?"

தாராளமாக வளர்க்கலாம். பூனை அசுத்தமான பிராணி அல்ல, நம்மைச் சுற்றிச் சுற்றி வரக்கூடியது என்ற கருத்தில் அபூகத்தாதா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூத், திர்மிதி நூல்களில் உள்ளது. பூனை வாய் வைத்த தண்ணீரைப் பற்றி ஹனஃபி மத்ஹபில் கொஞ்சம் பேச்சு உண்டு. வேறு தண்ணீர் இருந்தால் அதில் உளூ செய்வது மேல் என்பதோடு அது முடிந்துவிடுகிறது.

எங்கிருந்து கொண்டு வருவது என்பதே அடுத்த கேள்வி. கடைகளில் பாரசீகப் பூனை என்று ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறார்கள். பூனையின் விலையைத் தடுத்து ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. பெரும்பாலான அறிஞர்கள் அதை விரும்பத்தகாதது என்ற அளவில் எடுத்துக்கொண்டு விற்பனையை அனுமதித்தார்கள், ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். காப்பகத்தில் தத்தெடுத்தால் இந்தச் சிக்கலுக்கே இடமில்லை. நமக்கு அருகில் பழமையானது, கேப்டன் வி. சுந்தரம் 1959இல் சென்னையில் தொடங்கிய ப்ளூ கிராஸ். அதன் காப்பகம் கிண்டி, வேளச்சேரி சாலையில் இருக்கிறது. அடிபட்டவை, தெருவில் விடப்பட்டவை, தாயை இழந்த குட்டிகள் எல்லாம் அங்கே வருகின்றன.

போகும் முன் ஒரு ஹதீஸை நிதானமாக யோசிக்க வேண்டும். பூனையை அடைத்து வைத்து, உணவும் தராமல், தானே இரை தேடிக்கொள்ள அவிழ்த்தும் விடாமல் சாகடித்த பெண் நரகம் சென்ற செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. நாம் பயான்களில் கேட்டுக் கேட்டுப் பழகியதுதான். அவள் செய்த குற்றம் எங்கே தொடங்கியது? அடைத்து வைத்ததில். தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட பிறகு கைவிட்டாள்.

நம் ஊர்ப்பக்கம் நடப்பதைப் பாருங்கள். குட்டியாக இருக்கும்போது கொஞ்சுவார்கள். அது வளர்ந்து சோபாவைக் கீறினால், அல்லது வீட்டில் குட்டி போட்டால், சாக்குப் பையில் கட்டி மீன் மார்க்கெட் பக்கம் விட்டுவிட்டு வருவார்கள். "அவிழ்த்துத்தானே விட்டோம்" என்பார்கள். பிறந்ததிலிருந்து தட்டில் சாப்பிட்ட பூனைக்கு இரை தேடத் தெரியாது, அந்தத் தெருவின் நாய்களையும் தெரியாது. இதை ஹதீஸ் சொல்லும் அவிழ்த்து விடுதலாக என்னால் எண்ண முடியவில்லை. தகுந்த காரணமின்றி பிராணியைப் பட்டினியில் தவிக்கும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றம்.

அதனால்தான் காப்பகத்தில் படிவம் நிரப்பச் சொல்லி, வீடு சொந்தமா வாடகையா, எல்லோருக்கும் சம்மதமா என்று கேட்கிறார்கள். சிலர் இதற்குக் கோபப்படுகிறார்கள். நிக்காஹ் பேச வந்தவர்களிடம் நாம் கேட்காத கேள்வியா! பூனை பன்னிரண்டு, பதினைந்து வருஷம் வாழும். இப்போது ஆறாவது படிக்கும் மகள் நாளை புகுந்த வீடு போவாள். அத்தா வளைகுடாவில் இருப்பார். தட்டு வைக்கப் போவது யார் என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

கருத்தடை விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் தயங்குகிறார்கள். காப்பகங்கள் இதை வலியுறுத்தும். உண்ணத் தகாத பிராணிகளுக்குக் காயடிப்பதை ஷாஃபிஈ மத்ஹப் தடுக்கிறது. ஹனஃபி நூலான ஃபதாவா ஆலம்கீரியோ, பயன் கிடைக்கும் அல்லது தீங்கு நீங்கும் என்றால் பூனைக்குச் செய்வதில் குற்றமில்லை என்கிறது. இன்றைய அறிஞர்களில் பலரும், பூனைகள் பெருகித் தொல்லையாகும்போது, வதைக்காமல் மயக்க மருந்து கொடுத்துச் செய்வதை அனுமதிக்கிறார்கள். என் பார்வையும் அதுவே. பூனையின் கர்ப்பகாலம் ஏறத்தாழ இரண்டு மாதம். வருஷத்துக்குப் பல ஈற்று. அந்தக் குட்டிகள் கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்பதைத்தான் மேலே சொன்னேன். மனம் ஒப்பாதவர்கள், ஏற்கெனவே அறுவை முடிந்த வளர்ந்த பூனையைக் கேட்டு வாங்கலாம்.

கிண்டியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குக் குறையாத பயணம். காற்று போகும் கூடை கட்டாயம். வீட்டில் முதல் சில நாட்கள் ஒரே அறையில் வைத்திருங்கள்; கட்டில் அடியில் ஒளிந்தால் இழுக்காதீர்கள். பூனை மாமிச உண்ணி, வெறும் பால்சோறு போதாது. வளர்ந்த பூனை பலவற்றுக்குப் பால் செரிக்காது. காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்தால் உயிரே போய்விடும். வெறிநோய்த் தடுப்பூசியைக் கால்நடை மருத்துவர் சொல்லும் காலத்தில் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளையைக் கடித்தாலோ கீறினாலோ சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பூனையின் மலத்தை வேறொருவர் தினமும் அள்ள வேண்டும்.

நாயைப் பற்றியும் கேட்பார்கள். வேட்டை, கால்நடை, பயிர்க் காவல் ஆகியவற்றுக்கு ஹதீஸிலேயே விலக்கு உண்டு. வீட்டுக் காவலையும் அதனுடன் சேர்த்த இமாம்கள் உண்டு. வெறும் ஆசைக்கு என்றால் கூடாது. தெருவில் பசித்துக் கிடக்கும் நாய்க்குத் தண்ணீர் வைப்பதற்கு நன்மை உண்டு, அது வேறு விஷயம்.

எல்லாம் யோசித்துத்தான் எடுத்தோம், ஆனாலும் வெளிநாடு போக வேண்டியதாகிவிட்டது என்றால்? முதலில் உறவிலும் ஜமாஅத்திலும் நல்ல கை தேடுங்கள். கிடைக்காவிட்டால் எடுத்த காப்பகத்துக்கே தகவல் சொல்லுங்கள். பயணச் சீட்டு போடுவதற்கு முன்பே சொன்னால் வேறு வீடு பார்க்க அவர்களுக்கும் நாள் கிடைக்கும்.