கணக்கை உரத்து வாசிப்பவரே தலைவர்

“கூடி வாழ்ந்தால் கோடி நன்மை” என்று பாலர் வகுப்பிலேயே மனனஞ் செய்த சமூகம் எமது சமூகம். ஆயினும், கூடிக் கடை நடத்துவது மட்டும் எமக்கு எளிதிற் கைவராத கலையாகவே இருந்து வருகிறது. நால்வர் ஒன்றுசேர்ந்து, நிறைகுடம் வைத்து, குத்துவிளக்கேற்றித் திறந்த கடையிலே, ஈராண்டு கழியுமுன் ஒருவர் மட்டும் நிற்பதையும், ஏனைய மூவரும் வீதியின் மறுபக்கத்தால் நடந்து செல்வதையும் வாசகர்கள் பலர் கண்டிருப்பீர்கள். “தமிழருக்கு ஒற்றுமை இல்லை” என்று ஒரே வசனத்தில் அதற்குக் காரணஞ் சொல்லிவிட்டு நாமும் நடந்துவிடுகிறோம்.

அக்காரணத்தை நான் ஏற்பதில்லை. ஒற்றுமையற்ற சமூகம் வெறும் வாய்ச்சொல்லை நம்பிச் சீட்டுப் பிடிக்க முடியாது. இடையில் முறிந்த சீட்டுகள் உண்டு என்பது உண்மையே. ஆயினும், இருபது பேர் மாதந்தோறும் பணங்கட்டி, முதற் சீட்டை எடுத்தவரும் இறுதிவரை தவறாது கட்டி முடிக்கும் வழக்கம் எம்மிடையே இன்றும் நிலைத்திருக்கிறது. எனவே குறை ஒற்றுமையில் அன்று, வேறெங்கோ இருக்கிறது. அது எங்கே என்பதை நான் அறிந்துகொண்டது எனது சொந்தத் தோல்வியினாலேயே.

ஏழு குடும்பங்களின் கடை

தாயகத்தில் வரலாறும் தமிழும் கற்பித்த நான், 1999 ஆம் ஆண்டு அகதியாகக் கனடா வந்தேன். 2003 இல், ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோவில் ஒரே தொடர்மாடியிற் குடியிருந்த ஏழு குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து, குடும்பத்துக்கு 5,000 டொலர் வீதம் 35,000 டொலர் திரட்டிப் பலசரக்குக் கடையொன்றைத் திறந்தோம். சிலர் சீட்டெடுத்தனர். ஒருவர் மனைவியின் காப்பை அடைவு வைத்தார். “மாஸ்ரர் இருக்கிறார்தானே, அவரே தலைவராக இருக்கட்டும்” என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அது உவப்பாகவே இருந்தது.

நான் அறிந்திருந்த தலைமை வகுப்பறைத் தலைமை. அங்கே மேசைக்கு முன் நிற்பவர் பேசுவார். வாங்கில் இருப்பவர்கள் கேட்பார்கள். எந்த அரிசி வாங்குவது, எத்தனை மணிக்குக் கடை திறப்பது என்பவற்றை நானே முடிவு செய்து அறிவித்தேன். கேள்வி கேட்டவரைப் “பொறுங்கள், பிறகு பார்க்கலாம்” என்று அமர்த்தினேன். எழுத்திலே உடன்படிக்கை எதுவும் இல்லை. பழகியவர்களிடம் கணக்குக் கேட்பது நம்பிக்கையீனம் என்று நாமெல்லோரும் எண்ணினோம். அயலவர் கடனுக்கு வாங்கியவற்றைத் துண்டுகளில் எழுதிப் பெட்டியில் இட்டோம். பங்காளிகளாகிய நாமும் வீட்டுக்கு வேண்டியவற்றை எடுத்துச் சென்றோம். சிலவேளை எழுதினோம், சிலவேளை மறந்தோம்.

பதினான்காம் மாதம் மொத்த வியாபாரிக்குக் கொடுப்பதற்குப் பணம் போதவில்லை. இருக்க வேண்டிய தொகையில் 11,400 டொலர் குறைந்திருந்தது. எல்லோருடைய கண்களும் காசுப்பெட்டியருகே நின்ற பங்காளியை நோக்கின. அவர் இரவிலே தொழிற்சாலையிலும் பகலிலே கடையிலும் உழைத்தவர். அவர் முகத்துக்கு நேரே எவரும் ஒன்றும் கேட்கவில்லை. தொலைபேசியில் மட்டும் பேசிக்கொண்டார்கள். நானும் அதனை அறிந்திருந்தேன். தலைவனாகிய நான் ஒரு கூட்டமேனும் கூட்டவில்லை. கதை தானாக அடங்கும் என்று மௌனமாக இருந்தேன். ஒருநாள் அவர் கடைத் திறப்பை மேசைமீது வைத்துவிட்டுப் போனார். பத்தொன்பதாம் மாதம் கடை மூடப்பட்டது.

கடன் துண்டுகள் அடங்கிய பெட்டி எனது வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அடுத்த மாரியில் ஓரிரவு உட்கார்ந்து அவற்றைக் கூட்டினேன். வெளியார் தரவேண்டிய கடன் 6,900 டொலர். பங்காளிகளின் ஏழு வீடுகளுக்கும் சென்ற பொருள்கள் 3,800 டொலர். அதில் எனது வீட்டின் பங்கு 640 டொலர். எஞ்சிய 700 டொலரும் அழுகிய மரக்கறியிலும் மீனிலும், எழுத மறந்த பொருள்களிலும் போயிருக்கும் என்று கொள்வதில் தவறில்லை. காசுப்பெட்டியிலிருந்து எவரும் எதனையும் எடுத்திருக்கவில்லை.

இதனை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தொலைபேசியிற் சொன்னேன். “அப்படியா” என்றார்கள். சில ஆண்டுகளின் பின் ஒரு மரணவீட்டிலே அந்த நண்பரைச் சந்தித்து மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. “மாஸ்ரர், அண்டைக்கு அந்தக் கொப்பியை எல்லாருக்கும் முன்னாலை வாசிச்சிருந்தால் காணும்” என்று மட்டும் சொன்னார்.

இருபத்தெட்டுப் பேரின் கடை

அவர் சொன்ன வார்த்தை என்னை விடவில்லை. வேறு மக்கள் எவ்வாறு கூட்டாகக் கடை நடத்தினார்கள் என்று அறிய நூலகத்தை நாடினேன். அங்கேதான் இங்கிலாந்தின் ரொச்டேல் நகரத்து வரலாற்றை முழுமையாகப் படித்தேன்.

ரொச்டேல், மான்செஸ்ரருக்கு அண்மையிலுள்ள நெசவு நகரம். 1840களில் அங்குள்ள தொழிலாளர் வாழ்வு மிக நொந்த வாழ்வு. கூலி குறைவு. கடைகளிலே மாவில் வெண்கட்டித் தூள் கலந்தார்கள், நிறையிலும் ஏமாற்றினார்கள். கடனுக்கு வாங்குபவன் அதைப்பற்றி வாய்திறக்க முடியாது. இந்நிலையில் நெசவாளரும் பிற தொழிலாளருமாக 28 பேர், வாரத்துக்கு இரண்டு மூன்று பென்ஸ் வீதம் சேர்த்து, 28 பவுண் முதல் திரட்டினர். 1844 டிசம்பர் 21 ஆம் திகதி மாலை, தோட் லேன் என்னும் ஒழுங்கையில் ஒரு பண்டகசாலையின் கீழ்த்தளத்திலே கடை திறந்தனர். வெண்ணெய், சீனி, கோதுமை மா, ஓட்ஸ் மா, சில மெழுகுதிரிகள் என்பனவே சரக்கு. தொடக்கத்தில் வாரத்துக்கு இரு மாலைகள் மட்டுமே கடை திறந்திருந்தது.

அதே ஒழுங்கையிலே 1833 இல் வேறொரு கூட்டுக்கடை திறக்கப்பட்டு, கடனுக்கு விற்றதனால் 1835 இல் மூடப்பட்டிருந்தது. அத்தோல்வியை இவர்கள் மறைக்கவில்லை, பாடமாகக் கொண்டனர். ஆகவே ரொக்கத்துக்கு மட்டுமே விற்பது என்று விதித்தனர். பொருளிற் கலப்படம் கூடாது. நிறை சரியாக இருக்கவேண்டும். எவ்வளவு பணம் இட்டவராயினும் ஒருவருக்கு ஒரு வாக்கே உண்டு. இலாபமோ முதலுக்கு ஏற்ப அன்றி, அவரவர் வாங்கிய அளவுக்கு ஏற்பப் பகிரப்படும். அதாவது, கடையில் நூறு பவுணுக்கு வாங்கிய ஏழைக்கு, பத்துப் பவுணுக்கு வாங்கிய செல்வரிலும் பத்து மடங்கு பங்கு கிடைக்கும். கடையை ஆதரித்தவரே கடையின் பயனைப் பெற்றார்.

எனது உள்ளத்தைத் தொட்டது இன்னொரு விதியாகும். நிர்வாகிகள் வாரந்தோறும் கூடினர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொதுக்கூட்டத்தில் உறுப்பினர் யாவர்க்கும் முன்னே கணக்கு வைக்கப்பட்டது. சந்தேகம் எழுந்த பின்னர் கூட்டம் கூட்டுவது அவர்கள் முறையன்று. சந்தேகம் எழுவதற்கு முன்னரே கூட்டத்தின் நாள் குறிக்கப்பட்டிருந்தது.

1845 முடிவில் உறுப்பினர் 74 பேர். 1850 இல் 600 பேர். 1860 இல் 3,450 பேர். 1849 இல் அந்நகரத்துச் சேமிப்பு வங்கி முறிந்தபோது, மக்கள் தம் பணத்தை நம்பி ஒப்படைத்தது இந்தத் தொழிலாளர் கடையிடமே. 1895 இல் இலண்டனில் அமைக்கப்பட்ட சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டிணைவும் இவர்கள் காட்டிய வழியையே பின்பற்றியது. தோட் லேன் கட்டடம் இன்று அரும்பொருளகமாக இருக்கிறது.

இது எமக்கு அந்நியமான வரலாறன்று. இலங்கையில் 1911 இலேயே கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் இயற்றப்பட்டது. யாழ்ப்பாணத்துச் சங்கக்கடை வாசலிலே பையோடு வரிசையில் நின்றவர்கள் எம்மிற் பலர். மூளாயில் ஒரு வைத்தியசாலையே கூட்டுறவு முறையில் எழுந்தது. அந்தச் சங்கக்கடையின் மூதாதை ரொச்டேல் கடை என்பதை மட்டும் நாம் மறந்துவிட்டோம்.

நான்கு பெண்களின் அடுப்பு

2016 இல் நான்கு பெண்கள் என்னிடம் வந்தனர். சாமத்தியவீடு, திருமணம் முதலிய வைபவங்களுக்குப் பலகாரமும் உணவும் செய்துகொடுக்கும் தொழிலைத் தொடங்கப் போவதாகவும், நான் தலைவராக இருக்கவேண்டும் என்றும் கேட்டனர். தலைமையை மறுத்தேன், கணக்கெழுதப் பழக்குவதாக ஒப்புக்கொண்டேன்.

முதலில் இரண்டு பக்கத்தில் ஓர் உடன்படிக்கை எழுதினோம். யார் எவ்வளவு இட்டார், யாருக்கு எவ்வளவு வேலை, ஒருவர் விலகினால் அவர் பங்கை எவ்வாறு கொடுப்பது என்பவை அதில் அடங்கின. இந்நாட்டுச் சட்டப்படி பங்குடைமைத் தொழில் பட்ட கடனுக்குப் பங்காளியின் சொந்தச் சொத்தும் பொறுப்பாகலாம். ஆகையால், வாய்ச்சொல் போதாது. பின்னர், சுகாதாரப் பரிசோதகரின் அனுமதி பெற்ற சமையற்கூடமொன்றை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்தனர்.

அடுத்து விலை. ஒரு வடைக்கு உழுந்தும் எண்ணெயும் மட்டுமே செலவென்று அவர்கள் எண்ணியிருந்தனர். சமையற்கூட வாடகை, எரிவாயு, பெட்டி, வாகன எண்ணெய், தமது கைக்கூலி யாவற்றையும் சேர்த்தபோது, சொல்லவிருந்த விலை அடக்க விலையிலும் குறைவாக இருந்தது. தன் உழைப்புக்குக் கூலி போடாத தொழில் சிரமதானமாகிவிடும். விற்பனை வரியும் அவ்வாறே கவனத்துக்குரியது. ஒன்ராறியோவில் தொடர்ந்த நான்கு காலாண்டுகளில் வரிக்குரிய விற்பனை 30,000 டொலரைத் தாண்டினால் தொழிலைப் பதிந்து 13 வீத வரி அறவிட வேண்டும். அப்பணம் எம்மிடம் தங்கிநிற்கும் அரசாங்கப் பணம். அதை எடுத்து அரிசி வாங்கலாகாது. பற்றுச்சீட்டுகளை ஆறு ஆண்டுகள் பாதுகாக்கவும் வேண்டும்.

கணக்குக்கு ஒரு சாதாரணக் கொப்பியே போதுமாக இருந்தது. வந்த பணம், போன பணம், எமக்கு வரவேண்டியது, நாம் கொடுக்கவேண்டியது என்று நான்கு நிரல்கள். ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்கு நால்வரும் கூடுவார்கள். தலைமை மாதத்துக்கு ஒருவர். அவர் கொப்பியை உரத்து வாசிப்பார்; அவரது வீட்டுக்குச் சென்ற பொருள்களின் கணக்கையே முதலில் வாசிப்பார். இந்த ஒரு விதியை மட்டும் நான் வற்புறுத்தினேன். எனது 640 டொலர் எனக்குக் கற்பித்த பாடம் அது.

மூன்றாம் ஆண்டில் ஒருநாள் 280 டொலர் குறைந்தது. பணம் வைத்திருந்த பெண் கண்கலங்கினார். அம்மாதத் தலைவி, “அழாதேங்கோ அக்கா, முதல் பக்கத்திலையிருந்து வாசிப்பம்” என்றார். வாசித்தனர். ஒரு சாமத்தியவீட்டு முற்பணம் இருதடவை வரவில் எழுதப்பட்டிருந்தது. எங்கள் ஏழு குடும்பங்களைப் பிரித்த அதே வகைச் சந்தேகம், அங்கே இருபது நிமிடத்தில் தீர்ந்தது.

2020 இல் தொற்றுநோயினால் மண்டபங்கள் மூடப்பட்டு வைபவங்கள் நின்றபோது, தொழில் முடிந்ததென்றே நான் எண்ணினேன். அன்றைய கூட்டத்தில் ஒவ்வொருவரும் முறைப்படி ஐந்து நிமிடம் பேசினர். வயதில் இளையவர், வெளியே செல்ல இயலாத முதியவர்களுக்கு நாள்தோறும் மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றார். நான் தலைவனாக இருந்திருந்தால் அவரைப் “பொறுங்கள்” என்று அமர்த்தியிருப்பேன். அந்த யோசனையே அவ்வாண்டு அவர்களைக் காத்தது. நால்வரும் இன்றும் ஒன்றாகவே தொழில் செய்கின்றனர்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்

அகதி வாழ்வில் எமக்கு வங்கி கடன் தரத் தயங்கும்; உறவும் ஊரவரும் தயங்கமாட்டார்கள். ஆகையால் எமது சிறுதொழில்கள் பெரும்பாலும் கூட்டுத் தொழில்களாகவே தொடங்கும். அவை முறியும்போது பணம் மட்டும் போவதில்லை. பிள்ளைகள் ஒருவரையொருவர் தெரியாதவர் போல வளர்கிறார்கள். எங்கள் ஏழு குடும்பங்களில் இரண்டு இன்றும் பேசுவதில்லை.

உங்களைத் தலைவராக்கினால், முதற் கூட்டத்திலேயே அடுத்த கூட்டத்தின் நாளைக் குறியுங்கள். உடன்படிக்கையை எழுதுங்கள். குறைவாகப் பேசுபவரை முதலிற் பேசவிடுங்கள். ஒருவரைப்பற்றிய கதை தொலைபேசியில் உங்கள் காதுக்கு எட்டினால், அன்றைக்கே எல்லோரையும் அழைத்துக் கொப்பியைத் திறவுங்கள். உங்கள் வீட்டுக் கணக்கு முதற்பக்கத்தில் இருக்கட்டும்.

ஏற்கெனவே கூட்டாகக் கடை நடத்துவோர் இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம். தேநீர் ஊற்றி வைத்துவிட்டு, கொப்பியை உரத்து வாசியுங்கள்.