மருந்து குடிக்கும்போது குரங்கு ஏன் வருகிறது, தெரியுமா?

"மருந்தைக் குடிக்கும்போது குரங்கை மட்டும் நினைத்துவிடாதே" என்று வைத்தியர் சொல்லி அனுப்பிய கதை நம் வீடுகளில் எத்தனை தலைமுறையாகப் புழங்குகிறது! டம்ளரை வாயருகே கொண்டுபோனதுமே குரங்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். அமெரிக்காவில் ஒருவர் இதை ஆய்வுக்கூடத்திலேயே நிரூபித்துக் காட்டினார், தெரியுமா? 1987-இல் டேனியல் வெக்னர் என்ற உளவியல் பேராசிரியர், ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது என்று மாணவர்களிடம் சொன்னார். நினைப்பு வந்தால் மணியடிக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் மணி அடித்தது! இன்னும் பெரிய ஆச்சரியம் அடுத்து வந்தது. "சரி, இப்போது தாராளமாக நினையுங்கள்" என்றதும், தொடக்கத்திலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட, அடக்கி வைத்திருந்தவர்களுக்குத்தான் கரடி அதிகமாக வந்தது!

வாடிப்பட்டிப் பக்கம் ராத்திரி தூக்கம் வராமல் புரள்கிறவர்களிடம் நாம் என்ன சொல்கிறோம்? "அதையே நினைக்காத, விட்டுத் தள்ளு." பெரியாறு கால்வாயில் தண்ணீர் எப்போது திறப்பார்களோ என்ற யோசனை, குழுக்கடன் தவணை, மகளுக்கு வந்த வரன், மகன் எழுதிய பரீட்சை... தள்ளத் தள்ள அது திரும்பி வரும் என்பதைத்தான் அந்தக் கரடி சொல்கிறது. நல்ல மனதோடு சொல்கிற அந்த அறிவுரையை நாம் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் எவ்வளவு பேருக்கு நிம்மதி!

தள்ளாமல் நேரே பார்த்தால்? அதற்கு உலகமே பேசுகிற ஒரு சான்று நம் மதுரையில் இருக்கிறது, தெரியுமா? 1896 ஜூலை மாதம். மீனாட்சியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் சொக்கப்ப நாயக்கன் தெரு. சித்தப்பா வீட்டு மாடியறையில் தனியாக உட்கார்ந்திருந்தான் வெங்கடராமன் என்ற 16 வயதுப் பையன். அமெரிக்கன் மிஷன் பள்ளி மாணவன், திருச்சுழியில் பிறந்தவன். உடம்பில் எந்த நோயும் இல்லை. திடீரென்று, 'நான் சாகப் போகிறேன்' என்ற பயம் அவனைப் பிடித்து உலுக்கியது! டாக்டரைக் கூப்பிடத் தோன்றவில்லை, பெரியவர்களிடம் ஓடவும் தோன்றவில்லை. அவன் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் மெய்சிலிர்க்கும். சாவு வந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டு, கைகால்களை நீட்டிப் பிணம்போல விறைப்பாகப் படுத்தான். உதட்டை இறுக மூடினான். இந்த உடம்பு செத்தால் நானும் செத்தேனா, நான் யார் என்று உள்ளே கேட்டான். அன்றோடு சாவுபயம் போனது, பிறகு வரவேயில்லை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அவர்தான் ரமண மகரிஷி!

ஆறு வாரம் கழித்து, ஆகஸ்ட் 29 அன்று, அண்ணன் தன் காலேஜ் சம்பளம் கட்ட எடுத்துக்கொள்ளச் சொன்ன ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி இரண்டை ஒரு சீட்டோடு வைத்துவிட்டு ரயிலேறினார். மதுரையிலிருந்து திண்டுக்கல் போகிற அந்த ரயில் பாதை எந்த ஊர் வழியாகப் போகிறது, தெரியுமா? நம் வாடிப்பட்டி வழியாகத்தான்! செப்டம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தவர், 1950-இல் மறையும்வரை அந்த ஊரைவிட்டு வெளியேறவே இல்லை.

அது ஒரு ஞானியின் வாழ்க்கை. அதை மருத்துவக் குறிப்பாகச் சுருக்க எனக்கு மனமில்லை, யாரும் அப்படிப் படுத்துப் பார்க்கவும் வேண்டாம். ஆனால் பயத்துக்கு முதுகைக் காட்டாமல் முகத்தைக் காட்டுவது என்ற அந்த ஒரு செயல் இருக்கிறதே, அதைத்தான் இன்றைய உளவியல் சிகிச்சையும் நம்பியிருக்கிறது! நெஞ்சு படபடப்பு வந்தாலே உயிர் போய்விடும் என்று அஞ்சுகிறவர்களை, சிகிச்சையாளரின் கண்காணிப்பில் படியேறி ஓடச் சொல்வார்கள், சுழல் நாற்காலியில் சுற்றவிடுவார்கள். வேண்டுமென்றே படபடப்பை வரவழைத்து, 'வந்தது, இருந்தது, போய்விட்டது, ஒன்றும் ஆகவில்லை' என்று உடம்புக்கே காட்டிக் கொடுக்கிற சிகிச்சை அது!

பயத்தை வாய்விட்டுச் சொன்னாலே மூளை அடங்குகிறது என்பது தெரியுமா? 2007-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மேத்யூ லீபர்மன் குழு, கோப முகங்களையும் பயந்த முகங்களையும் ஆட்களுக்குக் காட்டி மூளையைப் படம் பிடித்தது. அந்த முகத்தில் தெரிகிற உணர்ச்சிக்குப் பொருத்தமான சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, பயத்தின் மணி அடிக்கிற அமிக்டலாவின் வேகம் குறைந்தது! பாதாம்பருப்பு அளவே இருக்கிற பகுதி அது. "எனக்கு என்னமோ பயமா இருக்குக்கா" என்று பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்கிற பெண்ணை யாரும் "சும்மா புலம்பாத" என்று அடக்காதீர்கள், தயவுசெய்து.

கவலைப்படுவதற்கென்றே நேரம் ஒதுக்கலாம், தெரியுமா? தாமஸ் போர்கோவெக் என்ற உளவியலாளர் 1983-இல் தன் குழுவோடு சேர்ந்து சோதித்த முறை இது. தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணி. மற்ற வேளையில் கவலை வந்தால் விரட்ட வேண்டாம், "சாயங்காலம் அஞ்சு மணிக்கு வா" என்று தவணை சொன்னால் போதும். அஞ்சு மணிக்கு உட்கார்ந்து முழு மூச்சாகக் கவலைப்படலாம்! இதைச் செய்தவர்களின் அன்றாடக் கவலை குறைந்தது. ராத்திரி படுக்கப் போகிற நேரத்தை மட்டும் இதற்கு ஒதுக்காதீர்கள். கட்டிலாக இல்லாமல் வேறிடமாக இருப்பதும் நல்லது.

இதையெல்லாம் விட என்னைத் தூக்கிவாரிப் போட்டது ஒரு கணக்கு. 2020-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள், தீராத கவலைக் கோளாறு உள்ள 29 பேரிடம், வருகிற கவலைகளைப் பத்து நாள் எழுதி வைக்கச் சொன்னார்கள். எது நடந்தது, எது நடக்கவில்லை என்று முப்பது நாள்வரை சரிபார்த்தார்கள். எத்தனை கவலை பலிக்கவில்லை, தெரியுமா? 100-க்கு 91.4! ஆள் ஆளாகக் கணக்குப் பார்த்தால், அதிகம் பேருக்கு வந்த சதவீதம் முழு நூறு. எழுதிய ஒன்றுகூட நடக்காதவர்கள்! தன் கவலைகள் பொய்த்ததை அதிகமாகக் கண்டவர்களுக்குக் கோளாறும் அதிகமாகக் குறைந்தது. எழுதி வைக்காவிட்டால் இது தெரியவே வராது, ஏனென்றால் நடக்காமல் போன கவலையை நாம் மறந்துவிட்டு அடுத்ததைப் பிடித்துக்கொள்கிறோம். ஒரு பழைய நோட்டும் பேனாவும் இருந்தால் வாடிப்பட்டியில் யாரும் இதைச் செய்யலாம்!

நோட்டு கையில் இருக்கும்போதே இன்னொன்று. 2018-இல் அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களைத் தூங்கவைத்துப் பார்த்தார்கள். படுக்கும் முன் ஐந்து நிமிடம், நாளைக்கும் அடுத்த சில நாளைக்கும் செய்ய வேண்டியதை எழுதியவர்கள், செய்து முடித்ததை எழுதியவர்களைவிட ஏறக்குறைய ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கிப்போனார்கள்! அதோடு டீ. உடம்புக்குள் போன காஃபினில் பாதி கழிய சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். சாயங்காலம் ஆறு மணிக்கு நாலுவழிச்சாலை ஓரம் குடித்த ஸ்ட்ராங் டீயில் பாதி, பதினோரு மணிக்கும் உள்ளே விழித்துக்கொண்டிருக்கிறது!

அடுத்தது மூச்சு. வாடிப்பட்டி ஆரோக்கிய அன்னை திருத்தலத்தில் ஜெபமாலை உருட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? 2001-இல் லூசியானோ பெர்னார்டி என்ற இத்தாலிய மருத்துவர் 23 பேரை, லத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்லவும், 'ஓம் மணி பத்மே' என்று தொடங்கும் பௌத்த மந்திரத்தைச் சொல்லவும் வைத்து மூச்சை அளந்தார். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்கியது! இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கமும் அதோடு சேர்ந்து சீராக அசைந்தது. ரோமாபுரியின் பிரார்த்தனையும் திபெத்தின் மந்திரமும் ஒரே தாளத்தில்! சாதாரணமாக நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். மூச்சை வெளியே விடும்போது இதயம் கொஞ்சம் மெதுவாகிறது, அதனால் வெளிமூச்சு நீளமாக இருப்பது நல்லது. சட்டென்று இழுத்து நீளமாக ஊதுகிற அந்த மூச்சை, ஊர் ஊராக வாடிப்பட்டி மேளத்தோடு போகிற நாயனக்காரரிடம் பார்க்கலாம்!

ஆனால் எல்லாவற்றையும் நோட்டும் மூச்சும் தீர்த்துவிடாது. நெஞ்சுவலியோ படபடப்போ முதல்முறை வந்தால் அதை 'யோசனைதான்' என்று தள்ளாமல் அரசு மருத்துவமனையில் காட்டிவிட வேண்டும். வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் வேலையும் கெட்டால் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். மதுரையில் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை 1992-இலிருந்தே மனநலப் பணியில் இருக்கிறது, தெரியுமா? பஸ் ஏறவும் முடியாதவர்களுக்காக, 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று மத்திய அரசு 'டெலி மானஸ்' என்ற தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. எண் 14416. ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், ஒரு பைசா கட்டணம் கிடையாது!