டீசல் முள்ளும் கோமியமும்

எங்க பழைய லோடு வண்டியில டீசல் முள் எப்பவும் காலியிலேயே கிடக்கும். மனக்கணக்கில்தான் ஓட்டினேன். ஒருநாள் கணக்கு தப்பி, சந்தைக்குப் போற வழியில் வண்டி நின்னுடுச்சு. டீசல் ஊத்தி, லைன்ல காத்து எடுத்துக் கிளப்புறதுக்குள்ள கீரைக்கட்டெல்லாம் வாடிப்போச்சு.

டேங்க் மிதவையையே மாத்தணும்னாங்க. மாத்தல. கனெக்டரைக் கழற்றினா, பின்னெல்லாம் பச்சை பூத்திருந்தது. டிரம்மில் கொண்டுபோகும்போது சிந்தின கோமியம்தான்! நாள்பட்ட கோமியத்தில் உண்டாகும் அம்மோனியா செம்பை அரிக்கும்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிட்டு, ரெண்டு வயருக்கும் அடையாளம் வச்சு, பளிச்சுனு செம்பு தெரியுற வரை வெட்டி, புதுக் கனெக்டரைக் கிரிம்ப் செய்தேன். டேங்க் பக்கத்துல நெருப்பு கூடாது. அதனால சால்டரிங் வேண்டாம். ஈரம் ஏறாம வாசலின் தடவினேன்.

சாவி போட்டதும் முள் எழுந்துச்சு. இப்ப கோமிய டிரம்மைப் பின்கோடியில், தொட்டிக்குள்ள வச்சுத்தான் கட்டுறேன்.