பிட்காயினுக்கு பூட்டு போட முடியுமா? ஏற்கனவே போட்ட பூட்டு உடைந்த கதை!

சென்னை:
கையில் பிடிக்க முடியாது, பையில் போட முடியாது. ஆனாலும் 'பிட்காயின்ல போட்டா டபுளாகும்' என்ற பேச்சு டீக்கடை வரை வந்து விட்டது. நாளைக்கே அரசு தடை போட்டால் போட்ட காசு என்ன ஆகும்?

ஏற்கனவே ஒருமுறை பூட்டு விழுந்தது. 2018 ஏப்ரல் 6-ந்தேதி ரிசர்வ் வங்கி, கிரிப்டோ வியாபாரத்துக்கு வங்கிகள் துணை போகக்கூடாது என்று உத்தரவிட்டது. காயினுக்கு தடை இல்லை, காசு போகிற வழியைத்தான் அடைத்தார்கள். அதற்கே கம்பெனிகள் ஆட்டம் கண்டன. ஜெப்பே நிறுவனம் அந்த செப்டம்பரில் இந்தியாவில் கடையை மூடியது.

2020 மார்ச் 4-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்த உத்தரவை ரத்து செய்தது. தீர்ப்பை எழுதியவர் மன்னார்குடிக்காரரான நீதிபதி ராமசுப்பிரமணியன். ரிசர்வ் வங்கிக்கு அதிகாரம் உண்டு, ஆனால் கிரிப்டோவால் வங்கிகளுக்கு நஷ்டம் வந்ததாக காட்டவில்லையே என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

சீனா 2021 செப்டம்பரில் மொத்தமாக தடை போட்டது. காயின் சாகவில்லை! கணக்கு நோட்டு உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் கிடக்கிறது. ஒரு ஊரில் பிடுங்கினால் இன்னொரு ஊரில் ஓடும். தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003-ல் தடை வந்தும், மூணு நம்பர் லாட்டரி விற்றவர் கைது என்ற செய்தி நின்றபாடில்லையே! அதுபோலத்தான். ஆனால் காயினை ரூபாயாக்க வங்கிக்குத்தான் வரவேண்டும். அரசின் பிடி அங்கேதான்.

இந்தியாவில் 2021-ல் தடை மசோதா பற்றி பலத்த பேச்சு. கடைசியில் தாக்கலே ஆகவில்லை. பதிலுக்கு வரி வந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் லாபத்தில் 30 சதவீதம். இதில்தான் பலரும் மாட்டுகிறார்கள். ஒரு காயினில் 50 ஆயிரம் லாபம், இன்னொன்றில் 60 ஆயிரம் நஷ்டம் என்றால் கையில் மிச்சம் ஒன்றுமில்லை. ஆனாலும் 15 ஆயிரம் வரி கட்டணும், செஸ் தனி! நஷ்டத்தை கழிக்க விடமாட்டார்கள்.

வரி கட்டியதால் அது ரூபாய் நோட்டு மாதிரி ஆகிவிடாது. கடைக்காரர் 'வேண்டாம்' என்றால் கேட்க முடியாது.

ஒரே ஆறுதல், 2025 அக்டோபரில் சென்னை ஐகோர்ட்டு தந்த தீர்ப்பு. கம்பெனி முடக்கி வைத்த காயினுக்காக ஒரு பெண் தொடர்ந்த வழக்கில், கிரிப்டோ பணம் இல்லை, ஆனால் சொத்துதான் என்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கூறினார். சொத்து என்றால் கோர்ட்டு படியேறி உரிமை கேட்கலாம். ஆனால் காயின் வாங்கித் தருவதாக சொல்லி காசோடு ஓடிப்போன ஏஜெண்டை முதலில் போலீஸ்தான் தேடணும்.